பெட்டி மூடும் நேரத்து விளம்பரம்

சூசைமுத்து வாத்தியாரின் சவப்பெட்டியை மூடிய நேரத்தில், குவைத்தில் இருந்த அவர் மகள் நான்சி ஒரு சோபா விளம்பரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதற்கு முழுக் காரணம் கிளெமென்ட்டின் வலது கைக் கட்டைவிரல்.

கட்டைவிரலைத் தனியாகப் பிரித்துக் குற்றம் சொல்வதில் கிளெமென்ட்டுக்கு ஒரு வசதி இருந்தது. மீதி உடம்பு தப்பித்துக்கொள்ளும். நாகல் நகரில் ஒரு சின்ன ஸ்டுடியோ வைத்துக்கொண்டு, கல்யாணம், காதுகுத்து, சர்ச்சில் புதுநன்மை, அடக்கம் என்று எது நடந்தாலும் அதைத் தன் சேனலில் நேரலையாகக் காட்டிப் பிழைக்கிற ஆள் அவன். துபாயிலும் மலேசியாவிலும் உட்கார்ந்திருக்கிற சொந்தங்களுக்கு ஊரில் நடப்பதைப் பார்க்க அவன் கேமராதான் கதி. மணமேடையையும் பார்த்திருக்கிறது, மயானத்தையும் பார்த்திருக்கிறது. இரண்டிலும் ஒரே மாதிரி மாலைதான் என்று சொல்லி, சிரிக்கக் கூடாத இடத்தில் நாலு பேரைச் சிரிக்க வைப்பான். சிரித்தவர்கள் பிறகு அவனைத் திட்டுவார்கள். அதுவும் அவனுக்குப் பழக்கம்.

சேனலுக்கு விளம்பரம் வர ஆரம்பித்தது சமீபத்தில்தான். இலவசமாக வீடியோ பார்க்கிறவர்களுக்கு நடுநடுவே விளம்பரம் ஓடும். நேரலை நடக்கும்போது, நடத்துகிறவனின் போனில் அதற்கென்று ஒரு பட்டன் உண்டு. தொட்டால் போதும், அந்த நொடியே பார்த்துக்கொண்டிருக்கிற எல்லோர் திரையிலும் அவரவர் ஊருக்கும் ஆசைக்கும் தகுந்த விளம்பரம் பாயும். கல்யாண வீட்டில் பந்திக்கு ஆள் எழுகிற நேரம் பார்த்து அதைத் தொடுவது கிளெமென்ட்டின் வழக்கம். அடக்கம் என்றால் அதை முன்னாடியே அணைத்து வைத்துவிட வேண்டும். அணைத்ததாகத்தான் அவன் நினைத்திருந்தான்.

ஆத்தூர் பக்கத்தில் வாத்தியாரின் கிராமம். மறுநாள் கோயில் திருவிழாவுக்குக் கொடியேற்றம். கொடி ஏறிய பிறகு ஊருக்குள் பிணம் கிடக்கக் கூடாது என்பது அந்த ஊர் வழக்கம். அதனால் எல்லாம் ஒரே பகலில் முடிந்தது. காலையில் கஞ்சி குடித்துக்கொண்டிருந்த வாத்தியார் அப்படியே சாய்ந்தார். கையைப் பிடித்துப் பார்த்த யாரோ ஒருவர் தலையை ஆட்டினார். குளிர்பெட்டிகூட வேண்டாம் என்றார்கள். வெயில் சாய்வதற்குள் கல்லறைத் தோட்டத்துக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். அணைப்பக்கமிருந்து வந்த ஈரக் காற்றில் பன்னீரும் சாம்பிராணியும் வாடிய சம்பங்கியும், பெட்டியின் காயாத வார்னிஷும் கலந்து, தொண்டையில் போய் ஒட்டிக்கொள்கிற ஒரு வாடை வீசியது. கூட்டம் நெருக்கித் தள்ள, கிளெமென்ட் கேமராவை நீளக் கம்பியில் மாட்டி, எல்லோர் தலைக்கும் மேலே தூக்கி, வாத்தியார் முகத்துக்கு நேர் மேலே நிறுத்தினான்.

நான்சிக்கு லீவு கிடைக்கவில்லை. அவள் கேட்டது ஒன்றே ஒன்று. முகத்தில் துணி போட்டு மூடி வைக்கிறவரைக்கும் அப்பா முகத்தை விட்டுக் கேமராவை எடுத்துவிடாதீர்கள் என்று கேட்டிருந்தாள்.

அவன் எடுக்கவில்லை. கேமரா முகத்திலேயேதான் இருந்தது. கிளெமென்ட்தான் அங்கே இல்லை. அவனுடைய இடது கை கம்பியைப் பிடித்திருந்தது, வலது கையில் போன். எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்ற எண் அதில் ஏறிக்கொண்டே இருந்தது. கீழே சாட்டில் வந்த இரங்கல் வரிகளுக்கெல்லாம் படிக்காமலே கட்டைவிரல் பழக்கத்தில் எதையோ தட்டிக்கொண்டிருந்தது. ஒரு கல்யாணத்துக்கும் இவ்வளவு கூட்டம் சேர்ந்ததில்லையே என்று உள்ளுக்குள் ஒரு கிளுகிளுப்பு. வாத்தியார் சாகும்போதும் நமக்கு ஒரு நல்லதைச் செய்துவிட்டுத்தான் போகிறார் என்று அவன் நினைத்துக்கொண்டிருந்த நேரத்தில், வியர்வையில் கட்டைவிரல் வழுக்கியது.

விளம்பரம் ஓடுகிறது என்று திரையில் எழுத்து வந்தது. நிறுத்த வழியில்லை. தொட்டான், தேய்த்தான், குலுக்கினான். நிமிர்ந்து பார்த்தபோது மூடி வைத்தாகிவிட்டது. ஆணி இறங்குகிற சத்தம் கேட்டது.

கல்லறைத் தோட்டத்து வாசலைத் தாண்டுவதற்குள் போன் அலற ஆரம்பித்தது. வாத்தியாரின் அண்ணன் மகனுக்குச் சமையல் எண்ணெய் வந்திருந்தது. தஞ்சாவூர் சம்பந்தி வீட்டுக்கு நகை அடகு. மலேசியாவில் இருந்த வாத்தியாரின் தம்பிதான் அதிகம் கொதித்தார்.

"ஏலே, எங்கண்ணன் மொகத்தக் கடைசியா பாக்கலாம்னு உக்காந்தா ஜட்டி காட்றியா நீ?"

கிளெமென்ட்டுக்கு முதலில் சிரிப்பு வந்தது. அப்புறம் கணக்குப் போட்டான். மறுநாள் கொடியேற்றத்துக்கு ஊரே கூடும்; இந்த வீடியோவை ஆளாளுக்குப் போட்டுக் காட்டுவார்கள்; அத்தோடு அவன் தொழில் முடிந்தது. வீடியோ இருந்தால்தானே என்று தோன்றியது. புளியமரத்தடியில் வண்டியை நிறுத்தி, சேனலுக்குள் போய், அதை மொத்தமாக அழித்தான். கேமராவில் ஒரு பிரதி இருக்குமே என்று நினைக்கலாம். இல்லை. கார்டு முழுக்கக் குஜிலியம்பாறையில் முந்தின நாள் எடுத்த ஒரு சடங்கு வீட்டு வீடியோ இருந்தது. அதை இன்னும் இறக்கி வைக்காததால் நேரலை மட்டும் போதும் என்று விட்டிருந்தான்.

ஆக, வாத்தியார் முகத்தின் கடைசி நிமிடம் எங்கேயும் இல்லாமல் போயிற்று.

நான்சி அடுத்த நாள் மதியம் கூப்பிட்டாள். திட்டுவாள் என்று காதை விட்டுப் போனைத் தள்ளியே பிடித்திருந்தான். அவள் திட்டவில்லை. சளி பிடித்த குரலில், தனக்குச் சோபா விளம்பரம் வந்துவிட்டது, அந்த ஒரு இடத்தை மட்டும் வெட்டி அனுப்ப முடியுமா என்று கேட்டாள். திட்டியிருந்தால் ஒருவேளை உண்மையைச் சொல்லியிருப்பான். இவ்வளவு மரியாதையாகக் கேட்டதும் வாய் தானாகப் பொய் சொன்னது. இங்க நெட்வொர்க் கோளாறு, வீடியோவும் அதிலேயே போச்சு என்றான். 

"சரிங்கண்ணே. நீங்க பாத்தீங்கள்ல. அப்பா மொகம் எப்படி இருந்துச்சு?"

கிளெமென்ட் ஸ்டுடியோவின் பின்திரையைப் பார்த்தான். நீல வானமும் இரண்டு அன்னப்பறவைகளும் அதில் இருந்தன.

"தூங்குற மாதிரி இருந்தாரும்மா," என்றான்.

அவள் அழுதாள். அழுதுகொண்டே நன்றி சொன்னாள். கட்டைவிரலின் மேல் பழி போடுகிற வசதி அந்த நன்றியோடு போயிற்று. இது வாய் செய்த வேலை.

*

முதல் தடவை அது வந்தபோது கிளெமென்ட்டுக்குப் பயமே வரவில்லை.

கடையில் ஆள் வராத மத்தியான நேரம். ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, உச்சி வெயில் தகரத்தில் முறுகுகிற சத்தத்தையும், தெருவில் ஆட்டோக்கள் திரும்புகிற சத்தத்தையும் கேட்டுக்கொண்டு, பழைய கபடிப் போட்டி ஒன்றைப் போனில் போட்டான். அதற்கு முன்னால் விளம்பரம். திரை கறுப்பாக இருந்தது. கீழே ஓரத்தில் விளம்பரம் என்ற சின்ன எழுத்து. அதற்குமேல் எதுவும் இல்லை. யாரோ துணியை மெதுவாக இழுக்கிற மாதிரி ஒரு சரசரப்பு கேட்டது, நின்றது, மறுபடி கேட்டது. மெத்தை கம்பெனியாக இருக்கும் என்று நினைத்தான். கடைசியில் திடீரென்று வெளிச்சம் போட்டு, ஒரு பெண் சோம்பல் முறித்துக்கொண்டு சிரிப்பாள், பேர் வரும். காத்திருந்தான். பேர் வரவில்லை. ஸ்கிப் பட்டனும் வரவில்லை. கபடி ஆரம்பித்தது.

படம் எடுத்தவன் விளக்கைப் போட மறந்துவிட்டான் போல. நம்மை மாதிரி ஒருத்தன் என்று தொழில்முறையில் அனுதாபப்பட்டான்.

அடுத்த தடவை அது இன்னும் கொஞ்ச நேரம் ஓடியது. சரசரப்போடு மூச்சும் இருந்தது. வாயால் விடுகிற மூச்சு, பக்கத்தில் ஏதோ ஒன்றில் பட்டுத் திரும்புகிற மூச்சு. சத்தத்தைக் குறைத்துப் பார்த்தான். குறையவில்லை. போனைக் கவிழ்த்து வைத்தான். மேஜை மரம் அந்த மூச்சை வாங்கிக்கொண்டு இன்னும் தெளிவாகச் சொன்னது. அன்னப்பறவைத் திரைக்குப் பின்னாலிருந்து லேசாகப் பன்னீர் வாடை வந்தது. கல்யாண வேலைக்குப் போய்வந்த சட்டை தொங்குகிறது, அதுதான் என்று சொல்லிக்கொண்டான். சட்டையை எடுத்து முகர்ந்தான். சோப்பு வாடைதான் அடித்தது.

வருகிற விளம்பரம் எல்லாம் தன் பாவத்தால்தான் வருகிறது என்று ஒரு கணக்கு மனசுக்குள் ஓட, சேனலில் விளம்பரத்தை அடியோடு நிறுத்தினான். இனிமேல் யாருக்கும் எதுவும் ஓடாது. பாதிரியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்துவந்த மாதிரி உடம்பு லேசானது. அந்த நிம்மதியில் வீட்டுக்குப் போனான்.

அவன் மனைவி ரோசலின் அடுப்படியில் வெஞ்சனத்துக்கு அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். பருப்பு டப்பாவில் சாய்த்து வைத்த போனில் யாரோ மீன் குழம்பு வைத்துக்கொண்டிருந்தார்கள். கிளெமென்ட் தண்ணீர் மொண்டு குடிக்கிற நேரத்தில் குழம்பு நின்றது. திரை கறுப்பானது. அவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை, நறுக்கிக்கொண்டே இருந்தாள். அரிவாள்மணைச் சத்தத்துக்கு நடுவில் அந்த மூச்சு அடுப்படி முழுக்க வந்து உட்கார்ந்தது.

டம்ளரைக் கீழே வைக்காமல், இது உனக்கும் வருகிறதா என்று கேட்டான். தினமும் வருகிறது என்றாள். கட்டில் கடைக்காரன் விளம்பரமாக இருக்கும் என்று அவளும் நினைத்திருக்கிறாள். முதலில் பயமாக இருந்ததாம், பிறகு பழகிவிட்டதாம்.

"மொதல்ல எல்லாம் மூச்சு வேகமா வாங்கும்ங்க," என்றாள் அவரைக்காயைச் சட்டியில் தள்ளிக்கொண்டே. "இப்ப பாருங்க, ரொம்பக் கொறஞ்சிருச்சு. செத்த நேரம் விட்டு விட்டுத்தான் வருது."

கிளெமென்ட் ஏதாவது வேடிக்கையாகச் சொல்ல வாயைத் திறந்தான். எதுவும் வரவில்லை. கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அப்படி நடந்தது இல்லை என்பதால் ரோசலின் திரும்பிப் பார்த்தாள்.

*

நான்சி மறுபடி கூப்பிட்டபோது அவள் குரலில் கொஞ்சம் தெம்பு இருந்தது. லீவு கிடைத்துவிட்டது. முப்பதாம் நாள் பூசைக்கு வருகிறாள். வந்ததும் முதலில் உங்களைத்தான் பார்க்கணும் அண்ணே என்றாள். அப்பா தூங்குகிற மாதிரி இருந்தார் என்று அவன் சொன்ன அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டுதான் அவளும் தூங்குகிறாளாம். அதை நேரில், அவன் வாயால், இன்னொரு தரம் கேட்க வேண்டுமாம்.

 ஒரு பெண்ணின் தூக்கம் மொத்தத்தையும், பார்க்காத ஒன்றின் மேல் கிளெமென்ட் கட்டிக் கொடுத்திருக்கிறான். அவள் எதிரில் வந்து நின்று கண்ணைப் பார்த்துக் கேட்பாள். அதற்கு முன்னால் வாத்தியார் முகம் எப்படி இருந்தது என்று பார்த்தவர் யாரிடமாவது கேட்டுத் தெரிந்துகொண்டாக வேண்டும். தூங்குகிற மாதிரி இருந்தது என்று ஒரே ஒரு ஆள் சொல்லிவிட்டால் போதும். பொய் உண்மையாகிவிடும்.

போனை வைப்பதற்கு முன்னால் நான்சி இன்னொன்றும் சொன்னாள். வாத்தியாரிடம் ஓட்டப்பந்தயம் பழகிய பவித்ரா என்ற பெண், இப்போது சென்னையில் வேலையில் இருக்கிறாள், அவளும் அன்றைக்கு நேரலை பார்த்திருக்கிறாள். அவள் அந்த வீடியோ தளத்துக்கு மாசாமாசம் காசு கட்டுகிறவள். காசு கட்டுகிறவர்களுக்கு விளம்பரம் வராது. நமக்கெல்லாம் மறைந்த அந்த நேரத்தை அவள் ஒருத்திதான் முழுசாகப் பார்த்திருக்கிறாள்.

"கேட்டா அழுவுறாண்ணே. கிளெமென்ட் அண்ணன்கிட்டயே கேளுங்கக்கான்னு சொல்றா. அவரு சொல்லிட்டாரு, தூங்குற மாதிரிதான் இருந்தாராம்னு சொன்னேன். டக்குன்னு போன வச்சுட்டா."

நான்சியிடம் நம்பர் வாங்கி, அன்றிலிருந்து தினமும் கிளெமென்ட் பவித்ராவைக் கூப்பிட்டான். மணி அடித்துக்கொண்டே இருந்தது. அவள் எடுக்கவில்லை.

அதனால் வாத்தியாரின் மகன் ரொனால்டைப் போய்ப் பார்த்தான். ரொனால்டு திருவிழாக் கமிட்டியில் இருப்பவன். கொடியேற்றத்துக்கு முன்னால் அடக்கம் முடிய வேண்டும் என்று அன்றைக்கு ஓடியாடி அவசரப்படுத்தியவன். முகத்தில் துணி போட்டதும் அவன்தான். கிளெமென்ட் சுற்றி வளைத்துக் கேட்டான். ரொனால்டு வேட்டி மடிப்பைச் சரி பண்ணினான், வாசலில் நின்ற ஆட்டை விரட்டினான், மழை வருமா என்று வானத்தைப் பார்த்தான். கடைசியில், கண்ணை இறுக்க மூடிக்கொண்டுதான் துணி போட்டதாகச் சொன்னான். அப்பாவை அப்படிப் பார்க்க மனசு வரவில்லையாம்.

"நீதான் மேல இருந்து பாத்துக்கிட்டே இருந்தியேடா, கிளெமென்ட்டு. எங்களுக்கு என்ன தெரியும்?"

கூட்டத்தில் நின்ற ஒவ்வொருவரும் அதையேதான் சொன்னார்கள். அழுகை, நெருக்கடி, முன்னால் நிற்பவன் தோள். கேமராதான் பார்க்கிறதே என்று எல்லோரும் விட்டிருக்கிறார்கள். கேமராவை வைத்திருந்தவனும் அதே மாதிரி விட்டுவிட்டான் என்பது அவனுக்கு மட்டும் தெரியும். அத்தனை பேர் சுற்றி நிற்க, ஒரு மனுசன் முகத்தை ஒருத்தர்கூடப் பார்க்காமல் மூடியிருக்கிறார்கள்.

மிச்சம் இருந்தது மூடியை வைத்து ஆணி அடித்த சோலைமலை. கல்லறைத் தோட்டத்தில் குழி வெட்டுகிறவர். அவரைப் பார்க்க கிளெமென்ட் போனபோது வெயில் இறங்கிக்கொண்டிருந்தது.

*

திருவிழா முடிந்த ஊர். கொடிமரத்தில் சீரியல் பல்பு இன்னும் கழற்றாமல் தொங்கியது. கல்லறைத் தோட்டத்தின் இரும்புக் கதவைத் தள்ளியதும், அது கத்திய கத்தலில் வேப்பமரத்துக் காக்காய்கள் எழுந்து, ஒரு சுற்றுச் சுற்றி, அதே கிளையில் சத்தமில்லாமல் உட்கார்ந்தன. தென்னந்தோப்புக்கு அப்பால் அணைத்தண்ணீர் வெளுத்துக் கிடந்தது. அங்கேயிருந்து வந்த காற்று சிலுவைகளுக்கு நடுவே தாழ்வாக ஊர்ந்து, காய்ந்த மாலைகளைப் புரட்டிப் போட்டுக்கொண்டே வந்தது. அதோடு அந்த வாடையும் வந்தது. பன்னீர். வாடிய சம்பங்கி. இவ்வளவு நாள் கழித்தும் காயாத வார்னிஷ்.

சோலைமலை மண்வெட்டியைக் கழுவிவிட்டுக் கிளம்பத் தயாராக இருந்தார். கேள்வியைக் கேட்டதும் கிளெமென்ட்டை ஒரு பார்வை பார்த்தார். மூடி வைக்கும்போது முகத்தைப் பார்ப்பதில்லை என்பது அவர்கள் தொழில் முறை. அப்பா சொல்லிக் கொடுத்தது. ஆணியை மட்டும்தான் பார்க்க வேண்டும்.

அது சரி என்று தலையாட்டிவிட்டு கிளெமென்ட் திரும்பப் போனான். சோலைமலை துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டே, வாத்தியார் குழியைக் கையால் காட்டினார்.

"புதுக்குழி மண்ணு நாள் ஆக ஆக உள்ள உக்காரும், தம்பி. இது மட்டும் உக்கார மாட்டேங்குது. நானும் மிதிச்சுப் பாத்துட்டேன். ஏன்னு எனக்குத் தெரியல, என்னக் கேக்காத."

அவர் போனார். கதவு மறுபடி கத்தியது. இந்தத் தடவை காக்காய்கள் எழவில்லை.

கிளெமென்ட் குழியின் தலைமாட்டில் நின்றான். மண் கட்டியும் முட்டியுமாக, அன்றைக்குக் குவித்த அதே உயரத்தில் இருந்தது. மெழுகு உருகி ஒழுகிய தடம், ஊதுபத்திக் குச்சிகள், யாரோ நட்ட குரோட்டன் கிளை. மன்னிப்புக் கேட்கலாம் என்றுதான் இங்கே நின்றான். சார், உங்கள் கடைசி நேரத்தில் ஒரு சோபாவை விற்கப் பார்த்தேன் என்று ஆரம்பித்தான். அது வேடிக்கையாகப் போய்விட்டது. மறுபடி ஆரம்பித்தான். இரண்டாவது தடவையும் வேடிக்கையாகத்தான் வந்தது. வேறு மாதிரிப் பேசத் தனக்குத் தெரியாது என்பது அப்போதுதான் அவனுக்கு உறைத்தது.

சட்டைப்பையில் போன் சூடானது.

எடுத்தான். அவன் எதையும் போடவில்லை. திரை தானாக எரிந்தது. கறுப்பு. ஓரத்தில் விளம்பரம் என்ற சின்ன எழுத்து. சரசரப்பு இல்லை இப்போது. மூச்சு மட்டும். ஒரு மூச்சு. அப்புறம் நெடுநேரம் ஒன்றும் இல்லை. தோப்பில் காற்று நின்றது. கிளெமென்ட் தன் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தான். அடுத்த மூச்சு வரவேண்டுமே என்று ஒரு பக்கம். வரக் கூடாதே என்று ஒரு பக்கம்.

வந்தது. அதோடு, மரத்தில் நகம் இழுபடுகிற சத்தம். ஒரு கோடு. மெதுவாக.

அவன் அந்தச் செயலியை மூடினான். மூடிற்று. முதல் தடவையாக அது அவன் பேச்சைக் கேட்டது. திரை அணைந்து, அதில் அவன் முகம் தெரிந்தது.

சத்தம் நிற்கவில்லை.

போனைக் காதில் வைத்தான். போனில் இல்லை. பையில் வைத்தான். குனிந்தான்.

குனியக் குனியக் கூடியது.

மண்ணில் கை வைத்தான். ஈரம். குளிர்ச்சி. உள்ளங்கைக்குக் கீழே, ஆழத்தில், ஒரு கோடு. நின்றது. இன்னொரு கோடு.

எழுந்திருக்க நினைத்தான். 

போன் அடித்தது.

அடித்த சத்தத்தில் அவன் வாயிலிருந்து ஏதோ ஒன்று வெளியே வந்தது, வார்த்தை இல்லை. திரையில் பவித்ரா என்று இருந்தது. எடுத்தான். அவள் பக்கம் பேருந்து இரைச்சல். யாரோ ஸ்டாப்பிங் பேர் கூவினார்கள்.  இத்தனை நாளாக ஏன் கூப்பிடுகிறீர்கள், உங்களுக்குத் தெரியாததா என்று கேட்டாள். நான்சி அக்காவிடம் ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டாள். அவள் குரலில் கோபம் இல்லை. அவனைக் கண்டு பயப்படுகிற குரலாக இருந்தது.

கிளெமென்ட்டுக்கு வேடிக்கையாக எதுவும் தோன்றவில்லை.

"நான் பாக்கலம்மா," என்றான். "கேமராதான் பாத்துச்சு. நான் போனப் பாத்துக்கிட்டு இருந்தேன். வாத்தியார் மொகம் எப்படி இருந்துச்சு? இருந்தத அப்படியே சொல்லு தாயி."

அவள் மூச்சு இழுத்தாள். கீழே மண்ணுக்குள்ளும் ஒரு மூச்சு.

"சார் கண்ணத் தொறந்தாருண்ணே. கேமராவ நேராப் பாத்தாரு. ஒதடு அசைஞ்சுச்சு. நான் ஒடனே கீழ சாட்ல போட்டேன், சார் முழிச்சிருக்காரு, மூடாதீங்க, மூடாதீங்கன்னு, மூணு நாலு தடவ போட்டேன். எல்லாரும் ஆழ்ந்த இரங்கல் போட்டுக்கிட்டு இருந்தாங்க, அதுக்கு நடுவுல. நீங்க பதில் போட்டீங்க. அதப் பாத்ததும், பக்கத்துல நிக்கிறவருக்குத் தெரியாததா நமக்குத் தெரியப் போகுதுன்னு விட்டுட்டேன்."

"நான் என்ன போட்டேன்?"

"ரெண்டு கையும் கும்புடுற படம் போட்டீங்கண்ணே. என்னோட ஒவ்வொரு வரிக்குக் கீழயும்."